இரண்டாவது கியர் எப்போது விழும்?

1980-களின் பின்பாதியில் மிச்சிகன் மாநிலத்தில் 1972 மாடல் செவ்ரோலே சி-10 பிக்கப் என்றால் தட்டுமுட்டுச் சாமான் ஏற்றுகிற வண்டி, அவ்வளவுதான். பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு, கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டையும் கேபின் மூலைகளையும் அரித்துத் தின்றிருக்கும். விறகு ஏற்றுவார்கள், உடைந்த அடுப்பைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோவார்கள், ஒருநாள் நின்றுபோனால் கொல்லைப்புறத்தில் தள்ளிவிடுவார்கள். வேலைக்காக அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் நான் வாங்கிய முதல் வண்டி அது. கையில் இருந்த காசுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

இன்று அதே மாடலை அரிசோனா, டெக்சஸ் என்று உப்புப் படாத மாநிலங்களில் தேடிப் பிடித்து, வேறொரு லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். நன்றாக வைத்திருக்கும் ஒரு வண்டிக்குப் பல பத்தாயிரம் டாலர் கேட்கிறார்கள். மழை தூறினால் வெளியே எடுப்பதில்லை. அதனால் அதற்கு வருகிற கோளாறுகளும் மாறிவிட்டன. அன்று ஓடி ஓடித் தேய்ந்தது, இன்று நின்று நின்று கெடுகிறது. இரண்டு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் பார்த்தவன் நான். இரண்டும் ஒரே மாதிரிதான் முரண்டு பிடிக்கும். கியர் நேரத்துக்கு விழாது, அல்லது விழும்போது இடிக்கும், அல்லது விழுந்த பிறகும் பிடிக்காது. காரணம் மட்டும் வேறு வேறு இடத்தில் இருக்கும். அந்த இடத்தைத் தேடிப் போகும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. அது தெரிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருவதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஊரில் ஓட்டப் பழகியது அம்பாசிடரில். ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் கம்பி, இடது காலுக்குக் கிளட்ச். எந்தக் கியர் எப்போது என்று முடிவு செய்வது ஓட்டுகிறவன் வேலை. மிச்சிகனில் வாங்கிய வண்டியில் கிளட்ச் மிதியே இல்லை. அதில் இருந்தது டர்போ ஹைட்ராமேட்டிக் 350. 1969 மாடல் வண்டிகளில் அறிமுகமான மூன்று கியர் பெட்டி. அதற்கு முன்பு செவ்ரோலேயில் பரவலாக இருந்த பவர்கிளைடில் இரண்டே கியர்தான். 350-இல் கம்ப்யூட்டர் கிடையாது, கியர் மாற்றுவதற்கென்று மின்சாரமும் கிடையாது. பம்ப், எண்ணெய், ஸ்பிரிங், வால்வு. இவற்றை வைத்துக்கொண்டே அது தானாக முடிவெடுக்கும்.

வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. முதல் கியரிலேயே இன்ஜின் கதறும். முப்பத்தைந்து, நாற்பது மைல் வேகம் வந்த பிறகுதான் இரண்டாவது கியர் விழும். அதுவும் பின்னால் யாரோ மோதிய மாதிரி உலுக்கிக்கொண்டு. காலையில் ஸ்டார்ட் செய்தால் புகைக்குழாயில் வெள்ளைப் புகை. டிப்ஸ்டிக்கில் கியர் எண்ணெய் வாரத்துக்கு வாரம் இறங்கும். ஆனால் வண்டிக்கு அடியில் தரை காய்ந்தே கிடக்கும், ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியைப் பிரித்து முழுசாக வேலை பார்க்க வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை நான் வண்டிக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வில்லோ ரன் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஆலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்சிலாண்டி ஊருக்கு அருகே இரண்டாம் உலகப் போருக்காக ஃபோர்டு நிறுவனம் கட்டியது. ஆல்பர்ட் கான் வடிவமைத்த கட்டடம். உற்பத்தி உச்சத்தில் இருந்தபோது மணிக்கு ஒன்று என்ற கணக்கில் அங்கிருந்து பி-24 குண்டுவீச்சு விமானங்கள் வெளிவந்தன. போர் முடிந்ததும் கைசர்-ஃபிரேசர் கார்கள் அங்கே தயாராயின. 1953 ஆகஸ்ட் 12 அன்று லிவோனியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை தீப்பிடித்து அடியோடு எரிந்துபோக, நிறுவனம் இந்தக் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. அன்று முதல் 2010 வரை அது கியர்பாக்ஸ் ஆலை. பெரியவர் அங்கே கட்டியது என்னுடையதைவிடப் பெரிய 400 வகைப் பெட்டிகளை. இரண்டும் ஒரு தாய் மக்கள்தான், கவலைப்படாதே என்றார்.

கடைக்காரர் சொன்னதை அவரிடம் சொன்னேன். “பெட்டியைப் பிரிக்கிற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் இன்ஜினைச் சூடாக்கு” என்றார். சமதளத்தில் நிறுத்தி, பார்க்கில் போட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது டிப்ஸ்டிக்கை எடுத்தார். எண்ணெயை ஒரு வெள்ளை டிஷ்யூவில் தொட்டு வைத்து அது பரவுவதைப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் வெந்துவிட்டன என்று அர்த்தம். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருந்தால் எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். அப்படியானால் பிரித்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. என் வண்டியில் எண்ணெய் சிவப்பாகவே இருந்தது. அளவு மட்டும் குறைவு.

(இந்தச் சிவப்பு எண்ணெய்க்கும் ஒரு கதை உண்டு. 1970-களின் தொடக்கம் வரை இதில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டது. கிளட்ச் தகடுகள் உலுக்காமல் பிடிக்க அது அவ்வளவு பொருத்தமாக இருந்ததாம். திமிங்கிலங்களைக் காக்க அமெரிக்காவில் சட்டம் வந்த பிறகு வேதியியலாளர்கள் மாற்றுச் சேர்மானம் தேட வேண்டியதாயிற்று. ஒரு கியர் மெத்தென்று விழுவதற்காகக் கடலில் நடந்த வேட்டையை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.)

அடுத்து அவர் வண்டிக்கு அடியில் படுத்து, பெட்டியின் பின்பகுதியில் வலப்பக்கம் ஒட்டியிருந்த உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தகரக் குப்பியைக் காட்டினார். அதன் பெயர் வாக்யூம் மாடுலேட்டர். இன்ஜினின் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய எஃகுக் குழாய் அதுவரை இறங்கி வருகிறது. இரண்டு முனையிலும் விரல் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். கீழ்முனை ஹோஸைப் பிடுங்கித் தலைகீழாகப் பிடித்தார். சிவப்பாக ஒரு சொட்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது. “பார்த்தாயா, உன் எண்ணெயை உன் இன்ஜினே குடித்துக்கொண்டிருக்கிறது” என்றார்.

விஷயம் முழுக்க அந்தச் சொட்டில் இருந்தது. எண்ணெய் பெட்டிக்குள் இருக்க வேண்டியது, வாக்யூம் குழாயில் இருக்கக் கூடாது. மாடுலேட்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது. அந்த வழியாக இன்ஜின் எண்ணெயை உறிஞ்சி எரிக்கிறது. அதனால்தான் வெள்ளைப் புகை, அதனால்தான் தரையில் ஒழுகாமலே அளவு குறைந்தது. சரி, கியர் தாமதமாக விழுந்து இடித்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அன்று மாலை அவர் அட்டைப் பெட்டி ஒன்றின் மூடியில் பென்சிலால் வரைந்து விளக்கினார். பழைய ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தப் படத்திலிருந்து கிளைத்ததுதான்.

பெட்டிக்குத் தெரிய வேண்டியவை இரண்டே செய்திகள். வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது, இன்ஜின் எவ்வளவு சுமை இழுக்கிறது. வேகத்தைச் சொல்வது கவர்னர். பின்னால் சக்கரத்துக்குப் போகிற தண்டோடு சேர்ந்து அது சுழலும். வேகம் கூடக் கூட எடைகள் வெளியே விரிந்து, அதிக அழுத்தத்தில் எண்ணெயை அனுப்பும். சுமையைச் சொல்வது மாடுலேட்டர். ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது மேனிஃபோல்டில் வாக்யூம் அதிகம். அழுத்தி மிதித்தால் அது சரிந்து கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிடும். வாக்யூம் குறையக் குறைய மாடுலேட்டர் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். இந்த இரண்டு அழுத்தங்களும் ஒரே வால்வின் இரு முனைகளில் எதிரெதிராகத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. சுமையின் பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங்கும் துணை. வேகத்தின் கை ஓங்கும் கணத்தில் வால்வு நகர்கிறது, எண்ணெய் அடுத்த கிளட்சுக்குப் பாய்கிறது, இரண்டாவது கியர் விழுகிறது. மெதுவாக ஓட்டினால் பதினைந்து மைல் அளவிலேயே விழுவதும், முழுசாக மிதித்தால் காத்திருந்து விழுவதும் இதனால்தான்.

இப்போது சவ்வு கிழிந்ததைப் பொருத்திப் பாருங்கள். வாக்யூம் குப்பியில் நிற்பதில்லை. பெட்டியைப் பொறுத்தவரை ஓட்டுநர் எப்போதும் மேடு ஏறுகிற மாதிரி அழுத்தி மிதித்துக்கொண்டே இருக்கிறார். ஆகவே கியரைத் தள்ளிப்போடுகிறது. அதிகச் சுமையில் கிளட்ச் வழுக்கிவிடக் கூடாதென்று மொத்த அழுத்தத்தையும் ஏற்றிவைக்கிறது. அதனால் விழும்போது உலுக்கல். பெட்டி கெட்டுப்போகவில்லை. தனக்கு வந்த தவறான செய்திக்குச் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்றும் குறையவில்லை.

ஒரே போல்ட்டைத் தளர்த்தி, கவ்வியை நகர்த்தி, புது மாடுலேட்டரைப் பொருத்தினார். சில டாலர் விலைதான். பழையதை வெளியே எடுக்கும்போது அதன் பின்னால் இருக்கும் சின்ன வால்வு நழுவிக் கீழே விழுந்துவிடக் கூடும், ஒரு விரலைத் தயாராக வைத்துக்கொள் என்றார். குழாயின் இரு முனை ரப்பரையும் மாற்றச் சொன்னார். சவ்வு நன்றாக இருந்து ஹோஸ் மட்டும் வெடித்திருந்தாலும் கியர் இதே போலத் தாமதமாகத்தான் விழும். புகை மட்டும் வராது. அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே எது கெட்டது என்று சொல்லிவிடலாம்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். உதிரிபாகக் கடையில் நிற்கிற ஆளிடம் போய், ரிவர்ஸும் இல்லை மூன்றாவதும் இல்லை என்றால், அவர் சாமானை எடுக்குமுன்பே ‘டைரக்ட் கிளட்ச்’ என்பார். மாயமில்லை, கணக்குதான். 350 பெட்டியில் முன்னோக்கிப் போகும் மூன்று கியருக்கும் ஃபார்வர்ட் கிளட்ச் வேண்டும். இரண்டாவதுக்கு அதோடு இன்டர்மீடியட் கிளட்ச் சேரும். மூன்றாவதுக்கு இன்னும் டைரக்ட் கிளட்சும் சேரும். ரிவர்ஸுக்கு அதே டைரக்ட் கிளட்சும், லோ-ரிவர்ஸ் கிளட்சும். எந்தக் கியர் இல்லை, எந்தக் கியர் இருக்கிறது என்று எழுதி வைத்தால், இல்லாத கியர்களுக்குப் பொதுவானது எது என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும். முதலும் இரண்டும் இருக்கின்றன, மூன்றும் ரிவர்ஸும் இல்லை. இரண்டுக்கும் பொது டைரக்ட் கிளட்ச். ஒரு திருகுகூடக் கழற்றாமல் இந்த இடத்துக்கு வந்துவிடலாம்.

என் சி-10 கடைசியில் துருவுக்குத்தான் இரையானது. சேஸிஸ் அரித்துப்போய் அதை விட்டுவிட வேண்டியதாயிற்று. கியர்பாக்ஸ் கடைசிவரை நன்றாகவே இருந்தது.

இன்றைய கதைக்கு வருகிறேன். டெட்ராய்ட் பக்கம் வாகனத் துறையில் வேலை பார்க்கிற கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் தமிழ்ச் சங்கத்தில் பழக்கம். பத்துக் கியர் பெட்டிகளுக்கு எந்த வேகத்தில் எந்தக் கியர், எவ்வளவு அழுத்தம் என்று லேப்டாப்பில் எண்களைப் பொருத்துவதுதான் அவன் உத்தியோகம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கி 2017 மாடல் வண்டிகளில் வந்தது அந்தத் தலைமுறைப் பெட்டி. அப்படிப்பட்டவன் ஆசைப்பட்டு அரிசோனாவிலிருந்து ஒரு 1972 சி-10 வரவழைத்திருந்தான். வருஷக்கணக்காக ஒரு கொட்டகையில் நின்ற வண்டி. துரு என்பதே கிடையாது. பெயின்ட் வெயிலில் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

“அங்கிள், முதல் கியர்லயே நிக்குதுங்க. நாப்பது மைல் போனாலும் மாறவே மாட்டேங்குது. இதுல ஸ்கேனர் சொருகறதுக்கு இடமே இல்லீங்களே” என்று போன் செய்தான்.

அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் பிழைக் குறியீட்டைப் படிக்கும் சாக்கெட் கட்டாயம். அதற்கு முன்பிருந்த வண்டியிடம் வேறு விதமாகத்தான் விசாரிக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். எண்ணெய் அளவு சரி, நிறமும் சரி. மாடுலேட்டர் ஹோஸைப் பிடுங்கினேன், உள்ளே காய்ந்திருந்தது. அந்த முனையில் வாக்யூம் மீட்டரைச் சொருகச் சொன்னேன். ஐட்லிங்கில் முள் பதினெட்டு அங்குலத்தில் ஆடாமல் நின்றது. அப்படியானால் சுமைச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. பாக்கி இருப்பது வேகச் செய்தி.

கவர்னர் இருப்பது ஓட்டுநர் பக்கம், பெட்டியின் பின்பகுதியில். ஒரு வட்டத் தகர மூடி, அதை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பி வளையம். வளையத்தை ஸ்குரூடிரைவரால் நெம்பினால் மூடி வந்துவிடும், கொஞ்சம் எண்ணெய் வழியும். உள்ளே இருப்பதைத் திருகியபடி வெளியே இழுக்க வேண்டும். அவனையே இழுக்கச் சொன்னேன். விரல் நீளத்தில் ஒரு தண்டு, ஒரு முனையில் நைலான் பல்சக்கரம், மறுமுனையில் ஸ்பிரிங் வைத்த இரண்டு எடைகள். பல்சக்கரம் மழுங்கியிருந்தாலும் வண்டி முதல் கியரிலேயே நிற்கும், ஆனால் இதில் பற்கள் கூராக இருந்தன. எடைகளை விரலால் விரித்தபோது அவை பாதி தூரம் வந்து அங்கேயே ஒட்டிக்கொண்டன. தண்டுக்குள் இருக்கும் வால்வும் அசையவில்லை. வருஷக்கணக்கில் நின்றதில் எண்ணெய் உலர்ந்து பழுப்பு வார்னிஷாகப் படிந்திருந்தது.

உப்புத்தாள் எடுக்கப் போனான், தடுத்தேன். தேய்த்தால் அளவு போய்விடும். கார்புரேட்டர் கழுவுகிற திரவத்தில் ஊறவைத்து, மெல்லிய துணியால் துடைத்து, வால்வு தன் எடையிலேயே சரிந்து இறங்குகிற வரை திரும்பத் திரும்பக் கழுவினான். மாட்டிவிட்டுத் தெருவுக்கு எடுத்துப் போனோம். பதினைந்து மைலை ஒட்டி இரண்டாவது கியர் விழுந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்தான். பெரியவர் வரைந்த படத்தை அவனுக்கு ஒரு நோட்டில் வரைந்து காட்டினேன்.

பார்த்த உடனே பிடித்துக்கொண்டான். “அங்கிள், எங்க கேலிப்ரேஷன் டேபிளும் இதேதானுங்க. ஒரு பக்கம் வண்டி வேகம், இன்னொரு பக்கம் ஆக்சிலரேட்டர். இந்த வால்வு ஒரு கோடு போடுது, நாங்க பத்துக் கியருக்குக் கோடு கோடாப் போடறோம்” என்றான். என்னை நெகிழவைத்த பேச்சு அது. பென்ஷன் வாங்கிய ஒரு ஆலைத் தொழிலாளியின் கையிலிருந்து ஒரு படம் என் வழியாக, அதே தொழிலை இன்று செய்கிற ஒருவனிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ஆலையின் பெரும்பகுதி இப்போது இல்லை. ஒரு சிறு பகுதியை விமான அருங்காட்சியகத்தினர் காப்பாற்றினார்கள். பழைய ஆலை நிலத்தில் இன்று தானியங்கிக் கார்களை ஓட்டிச் சோதிக்கிறார்கள்.

புதிய பெட்டிகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். உள்ளே வருகிற தண்டின் சுழற்சி ஒரு சென்சாரில், வெளியே போகிற தண்டின் சுழற்சி இன்னொன்றில். இரண்டையும் வகுத்துப் பார்த்தாலே கிளட்ச் வழுக்குகிறதா என்று கம்ப்யூட்டருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். தகடு தேய்ந்தால் அதற்கேற்ப அழுத்தத்தைத் தானே திருத்திக்கொள்ளும். அந்தப் பெரியவர் இருக்கையில் உட்கார்ந்து முதுகால் உணர்ந்ததை அது எண்ணாகச் சொல்கிறது. அற்புதமான வேலை. பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்கள். எண்ணெய் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்ததும் அடியில் ஒரு திருகைக் கழற்றித்தான் அளவு பார்க்க வேண்டும்.

என் வருத்தம் கருவியைப் பற்றியது இல்லை, அதைப் படிக்கிறவர்களைப் பற்றியது. பி0730 என்று ஒரு குறியீடு வரும். கியர் விகிதம் தப்பு என்பதுதான் அதற்கு அர்த்தம். எந்த சீல் கிழிந்தது, எந்த சொலினாய்டு அடைத்தது, எண்ணெய் குறைந்ததா, ஒயர் அறுந்ததா என்று அது சொல்லாது. சொல்லவும் முடியாது. ஆனால் குறியீட்டைப் பார்த்த கையோடு ‘பெட்டியை மாற்றணும்’ என்பவர்களை இப்போதும் பார்க்கிறேன். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அதையேதான் என்னிடம் சொன்னார்கள். அன்று ஸ்கேனர் இல்லாமல் அவசரப்பட்டார்கள், இன்று ஸ்கேனரோடு அவசரப்படுகிறார்கள். வாடிக்கையாளர் கொடுக்கிற பணம் மட்டும் பல மடங்கு ஏறியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இதில் பலர் பணத்தைத் தொலைத்திருக்கிறார்கள். பழைய லாரிகளில் மூன்று கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு, 1982-இல் வந்த 700ஆர்4 என்ற நான்கு கியர் பெட்டியை மாட்டுவது பழக்கம். நெடுஞ்சாலையில் இன்ஜின் அமைதியாக ஓடும், நியாயமான ஆசைதான். இரண்டிலும் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் பெட்டிக்குப் போகும், பார்க்க ஒன்று போலவே இருக்கும். 350-இல் அந்தக் கேபிள் முழு மிதியில் கீழ்க் கியருக்குத் தாவ மட்டும்தான். கழன்று கிடந்தாலும் வண்டியை வீடு வரை ஓட்டிப் போகலாம். 700ஆர்4-இல் மாடுலேட்டரே கிடையாது, சுமைச் செய்தியும் எண்ணெய் அழுத்தமும் அந்தக் கேபிளை நம்பித்தான். அது தளர்ந்திருந்தால் கியர்கள் சீக்கிரமாக, மெத்தென்று, சுகமாக விழும். அந்தச் சுகத்தில்தான் ஆபத்து. குறைந்த அழுத்தத்தில் கிளட்ச் தகடுகள் வழுக்கி, மிகக் குறைந்த தூரத்திலேயே கருகிவிடும். இடித்து விழுகிற கியரைவிட இழைந்து விழுகிற கியருக்குத்தான் நான் பயப்படுவேன்.

பையனின் வண்டிக்குத் திரும்புகிறேன். இரண்டாவது கியர் வந்துவிட்டது, ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது இன்ஜின் ஒரு கணம் வெறுமனே எகிறி, அப்புறம்தான் பிடித்தது. காலைக் குளிரில் ரிவர்ஸ் போட்டால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நகரும். அவனே காகிதத்தில் எழுதினான். மூன்றுக்கும் ரிவர்ஸுக்கும் பொது, டைரக்ட் கிளட்ச். “ஆனா ரிவர்ஸுக்கு லோ-ரிவர்ஸ் கிளட்சும் வேணுமே, அது கெட்டிருந்தா?” என்று கேட்டான். சரியான கேள்வி. அதைப் பிரித்துப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. லீவரை ‘லோ’வில் வைத்து ஓட்டி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தப் பிடிப்பைத் தருவது லோ-ரிவர்ஸ் கிளட்ச்தான். ஓட்டிப் பார்த்தோம், திடமாகப் பிடித்தது. எனவே அது நலம். குற்றம் டைரக்ட் கிளட்சின் பக்கம்.

அதற்கு மேலும் பெட்டியை இறக்க நான் விடவில்லை. அழுத்தம் பார்க்கிற மீட்டரை மாட்டினோம். வாக்யூம் குழாயைக் கழற்றியதும் முள் ஏறியது, ரிவர்ஸில் இன்னும் மேலே போனது. பம்ப் நன்றாக இருக்கிறது, அழுத்தமும் இருக்கிறது. அந்த அழுத்தம் ஒரு கிளட்சில் மட்டும் ஒழுகிப் போகிறது. வருஷக்கணக்கில் உலர்ந்து நின்ற ரப்பர் சீல்கள் விறைத்துவிட்டிருக்கும். குளிரில் மோசமாகவும் சூடானதும் கொஞ்சம் மேலாகவும் இருப்பதே அதற்குச் சாட்சி. இப்போது பிரிக்கலாம். என்ன தேடிப் பிரிக்கிறோம் என்று இப்போது தெரியும்.

வாடகைக்கு லிஃப்ட் கிடைக்கிற கராஜ் ஒன்றில் இடம் பிடித்திருக்கிறான். எண்ணெய் இல்லாமலே பெட்டி ஏறத்தாழ 120 பவுண்டு, கையால் இறக்குகிற சமாச்சாரம் இல்லை. சீல் கிட் இன்றைக்கும் சுலபமாகக் கிடைக்கிறது. சீலின் உதடு எண்ணெய் அழுத்தம் வருகிற பக்கம் பார்த்து உட்கார வேண்டும், தலைகீழாகப் போட்டால் இதே கோளாறு முதல் நாளே திரும்பி வரும். கிளட்சைக் கட்டி முடித்ததும் கம்ப்ரஸர் காற்றை ஊதி, பிஸ்டன் எழும்பித் தங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டிக்குள் இறக்க வேண்டும். கூலர் குழாய்களையும் கழுவச் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் அதில் தங்கியிருக்கும் பழைய கசடு முதல் ஓட்டத்திலேயே புது கிளட்சுக்குள் போய்விடும்.